கோட்டுக் கையில் ஓகே ஸ்டிக்கர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஆர்டர் இணையதளத்தைச் சோதிக்கும் புரோகிராம் எழுதப் போயிருந்தேன். அங்கே தரம் பார்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். நீலக் கோட், மூக்கு நுனியில் கண்ணாடி. பாஸான ஷூவையும் எடுத்து வளைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் அதிலிருக்கும் ஓகே ஸ்டிக்கரைப் பிய்த்துத் தன் கோட்டுக் கையில் ஒட்டிக்கொள்வார்.

அன்று காலை என் சோதனைகள் எல்லாம் பாஸ் என்று பச்சையாக வந்ததால், மேனேஜர் விளையாட்டாக என் மானிட்டரிலும் ஒரு ஓகே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். டீ நேரத்தில் அந்த அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வேவு பார்க்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"இன்னா சார், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே ஓடலயே?"

"பிரவுசர் கண்ணுக்குத் தெரியாம ஓடுதும்மா. செட்டிங் அப்டி."

"தெரியிற மாதிரி ஓட்டுங்க, பாக்கலாம்."

மாற்றி ஓட்டினேன். ஆர்டர் பட்டன் அழுந்தியதும் அடுத்த பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் பச்சை வந்தது.

"நாப்பது செகண்டு ஆவுது. எவ்ளோ நேரம் வரைக்கும் வுடுவீங்க?"

"அறுபது."

முந்தின நாள் வரை பத்துதான். பத்தில் சிவப்பாகவே வந்ததால் நான்தான் அறுபதாக்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"வாங்குறவன் அவ்ளோ நேரம் நிப்பானா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது மானிட்டரில் ஸ்டிக்கர் இல்லை.