நூறு சதவீதத்துக்கு வெளியே

தலையில் ஜல்லி சுமந்து கட்டிய பள்ளிக்கூடம், சுமந்தவளின் பிள்ளையையே வெளியே தள்ளினால் அது அப்புறம் யாருடைய பள்ளிக்கூடம்? பரிபூரணத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது. அவள் படித்தவளும் அல்ல, பொறுமைசாலியும் அல்ல. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் அவளோடு சண்டை போடாத மேஸ்திரி கிடையாது.

இராஜபாளையத்துக்கு வெளியே, சோழபுரம் போகிற சாலையில் இருந்த நடுநிலைப்பள்ளியை 1983இல் உயர்நிலைப்பள்ளி ஆக்கலாம் என்றார்கள். வகுப்பறைகளை மட்டும் ஊரே கட்டிக்கொள்ள வேண்டுமாம். மில் விடுமுறையான ஞாயிறுகளில் சனம் கூடியது. சிறுமியாக இருந்த மூத்த மகள் ஜெயபாயை வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பரிபூரணம் ஜல்லி சுமந்தாள். ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட போதகரிடம், “கர்த்தர் கோவிச்சா நான் பேசிக்கிடுதேன் ஐயா” என்றாள்.

எட்டு வருடம் கழித்து, அதே ஜெயபாய் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறினாள். அப்போதைய தலைமையாசிரியர் காசிராஜனுக்கு நூறு சதவீதத் தேர்ச்சி என்கிற வெறி. தவறியவர்களின் தகப்பன்மாரை மட்டும் கூப்பிட்டுவிட்டார். பரிபூரணத்தின் புருஷன் தவசிமுத்து நைட் ஷிப்ட் முடித்து, பஞ்சு ஒட்டிய தலையோடு போனான். வாத்தியார் எதிரே நாற்காலியில் உட்காரக் கூசுகிறவன். நின்றபடியே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். கையில் கொடுத்தது மகளின் டி.சி. என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

“எதுக்குன்னு கேக்கத் தெரியாதா? வாய மில்லுலயே வச்சிட்டு வந்துட்டீரா?”

“வாத்தியாரு நீட்டுதாரு. அவியகிட்டப் போயி எதுக்குன்னு கேப்பாகளாட்டி?”

அவள் வேலைக்குப் போகவில்லை. நேரே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

“பிரைவேட்டா எழுதட்டும்மா. ஒரு பிள்ளையால பள்ளிக்கூடத்துப் பேரு கெடணுமா?” என்றார் காசிராஜன்.

“ஜல்லி சொமக்கையில, ஒன் மக எம்புட்டு மார்க்கு எடுப்பான்னு ஒருத்தரும் கேக்கலையே சார்?”

“அது நான் வாரதுக்கு முந்தி.”

“நாங்க நெய்யுத கட்டுத்துணிய காயம் படாதவனுக்கா சுத்துதாக? பாஸாகுத பிள்ளைக்கு மட்டுந்தான் வாத்தியாருன்னா, நீங்க எதுக்கு? புஸ்தகம் போதுமே!”

வராந்தாவில் நின்ற ஆசிரியர்கள் சிரிப்பை அடக்கினார்கள். ஒருவர்கூட உள்ளே வந்து அவளுக்காகப் பேசவில்லை. அவர்களும் யோக்கியர்கள்தான்; சம்பளத்துக்கு யோக்கியமாக இருந்தார்கள். காசிராஜன் டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனித்தேர்வு எழுதினாள். சொல்லிக்கொடுக்க ஆளின்றி எழுதிய கணக்கு மறுபடியும் காலை வாரியது. அம்மாவின் கம்பெனியிலேயே பேண்டேஜ் சுற்றப் போனாள். பள்ளி வாசலில் ‘நூறு சதவீதம்’ என்று துணி கட்டினார்கள், மேளம்கூட வைத்தார்கள். பரிபூரணம் தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போனாள். ஒரு நாள் நின்று காறித் துப்பினாள். அதைப் பார்த்தவர்கள் உண்டு.

அந்த ஜூனில் இளையவள் அழகுத்தாய் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில், விடுதியோடு, போதகர் இடம் பேசி வைத்திருந்தார். ஜெயபாயும், “அவளையாவது அங்க சேரும்மா” என்று அழுதாள்.

பள்ளி திறந்த அன்று பரிபூரணம் இளையவளைக் கையில் பிடித்துக்கொண்டு சோழபுரம் சாலைப் பள்ளிக்குள் நடந்தாள். காசிராஜன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இங்கயா?”

“இங்கதான். எழுதுங்க.”

ஏன் என்று தவசிமுத்து கேட்டான், போதகர் கேட்டார், ஜெயபாய் பல வருடம் கேட்டாள். “நான் சொமந்த ஜல்லி அங்கதான கெடக்கு” என்பாள்.