பெரியவர்கள் உண்ட பிறகு

சமோவாத் தீவில் பேருந்து நிறுத்தத்தில் உருண்டைப் பணியாரம் பொரித்து விற்கும் தெலெசியாவுக்கு வாய் நீளம். போலீஸ்காரரையும் விடமாட்டாள், பாதிரியாரையும் விடமாட்டாள். ஆனால் சிறைக்காவலர் பெசமினோவை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் கரண்டியோடு எழுந்துவிடுவாள். காரணம், அவள் மகன் லாஃபி.

பதினாறு வயதில் அவன் கூட்டாளிகளோடு கடையை உடைத்துப் பிடிபட்டான். அவனையும் பெரிய ஆண்களோடு ஒரே கொட்டடியில் அடைத்தார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், சூடான கற்களில் வெந்த சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய இலைப்பொதியுமாக ஓலைக்கூடை நிறையக் கொண்டுபோவாள் தெலெசியா.

"உன் பையன் தங்கம்க்கா," என்றான் வாசலில் இருந்த காவலன். "பெரியவங்களுக்கெல்லாம் பரிமாறிட்டுக் கடைசியாத்தான் கை வைக்கிறான். என்னா வளர்ப்பு!"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரியவர்கள் உண்ட பிறகுதான் சின்னவர்கள் என்பது அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. திருடன் என்று ஊர் ஏசிய பிள்ளை ஒழுக்கம் தவறவில்லை என்று நிறுத்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளை நினைத்து மிச்சம் வைப்பார்கள். கொட்டடியில் யார் வைப்பார்கள்? அது அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிறு லாஃபி கம்பிக்கு அருகில் வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிடுறியாடா?"

"சாப்பிடுறேம்மா," என்றவன் பின்னால் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர்கள் அவனுக்கு எதுவும் மிச்சம் வைப்பதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொட்டடிகளுக்குப் பொறுப்பான பெசமினோ, அவர் ஊரில் குலப் பட்டம் ஏற்ற தலைவர். தெலெசியா நேரே அவரிடம் போய் நின்றாள். "ஐயா, அவனை விடச் சொல்லலை. தப்பு செஞ்சான், உள்ளயே கிடக்கட்டும். ஆனா அந்த ஆம்பளைங்களோட வேணாம். இப்படியே போனா செத்துருவான்."

"பசங்களுக்குத் தனிக் கட்டடம் கட்டணும்னு மேலிடம் யோசிச்சுக்கிட்டே இருக்கு தாயி."

"அவங்க யோசிச்சு முடிக்கிறவரை எம்புள்ளை வயிறு தாங்காது ஐயா!"

மறுநாளே பெசமினோ கருவிக் கொட்டகையைக் காலி செய்தார், பாய் விரித்தார், லாஃபியையும் மற்ற மூன்று பையன்களையும் அங்கே மாற்றிப் பூட்டினார். மேலதிகாரி காட்டுக்கத்தல் கத்தினார். பெசமினோ அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூடையைச் சுற்றி உட்கார்ந்த நால்வரும் கையை நீட்டவே இல்லை. லாஃபி நல்ல பொதியாக எடுத்து இலையில் வைத்து, தலைகுனிந்து பெசமினோவிடம் நீட்டினான். பட்டம் ஏற்றவர் வாய் வைக்காமல் பொடியன்கள் எப்படித் தொடுவது?

அவர் பாயின் கடைசியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "முதல்ல நீங்க தின்னுங்கடா. மிச்சமிருந்தா எனக்குக் குடுங்க."

பையன்கள் முழித்தார்கள். பிறகு லாஃபி மெல்ல ஒரு வாய் கடித்தான். அப்புறம் அவர்களை யார் நிறுத்துவது! வாசலில் நின்ற தெலெசியா வாய்விட்டு அழுதாள். இந்த மனிதர் நன்றாக இருக்கட்டும் தேவனே என்று அழுதழுது சொன்னாள்.

அன்று பெசமினோவுக்கு ஒரு துண்டுக் கிழங்குகூட மிஞ்சவில்லை.