கோமதி அக்கா எடுத்துக்கொண்ட ஷிஃப்ட்

கோமதி அக்கா காலமான செய்தி பெங்களூர் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. "மெடிக்கல் ஷாப் அக்கா போயிட்டாங்கம்மா, மாரடைப்பு" என்றார் போனில் பக்கத்து வீட்டுக்காரர். அழுகை வருவதற்கு முன்னால் ஒரு பயம் வந்தது: இனி அப்பா மாத்திரை போடுவாரா? அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினேன்.

நம் தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பகுதியில் அவர் கடையில் மருந்து வாங்கிய உங்களுக்கெல்லாம் அவர் வாய் தெரியும். "மாத்திரையைப் பாதியில நிறுத்தறவங்களுக்கு என் கடையில சிரிப்பு கெடையாது" என்பார். சொன்ன கையோடு அவரே சிரித்தும் விடுவார்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறை சரிந்து, கூட இருந்தவர்கள் உள்ளேயே தங்கிவிட, அவர் மட்டும் மேலே வந்தார். பிறகு, பாறையை அரைத்துத் தங்கம் பிரிக்கும் மில்லுக்கு மாற்றினார்கள். போன வருடம், நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் யாரோ தட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். சாப்பாட்டின் நடுவே கையை உயர்த்தி எங்கள் பேச்சை நிறுத்துவார். தூக்கம் போயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரைடு என்று இருந்ததைப் படித்துவிட்டு, ஹைட்ரோகுளோரிக் ஆசிடு என்று நினைத்துத் தூக்கி எறிந்தார். "மில்லுல ஆசிடு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா? கொடலு வெந்துடும்!"

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். "மாமா, ஆசிடு தனியா இருந்தாத்தான் சுடும். இந்த மருந்து தனியா இருந்தா தண்ணியில சரியா கரையாது. ரெண்டும் சேந்தா உப்பாயிடும், நல்லா கரையும். அவ்ளோதான்" என்றார்.

"உப்பா? பிரஷருக்கு உப்பே வேணாம்னாங்களே!"

"அது சோத்து உப்பு. எல்லா உப்பும் ஒண்ணு இல்ல மாமா" என்று அக்கா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "மாத்திரை போட்டா தட்டறது நின்னுடும்னு டாக்டர் சொன்னாரு. உள்ள மாட்டிக்கினவன் தட்டற வரைக்கும்தாம்மா உயிரோட இருக்கான். நின்னா இன்னா அர்த்தம்?"

அக்கா குனிந்து, சிமெண்டுத் தரையில் காதை வைத்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க மாத்திரை போட்டுக்கினு தூங்குங்க மாமா. இனிமே இது என் ஷிஃப்ட்டு. நான் கேக்கறேன்."

அன்றுதான் அப்பா மாத்திரையை விழுங்கினார். சில வாரங்களில் அவருக்குச் சத்தம் நின்று, தூக்கம் வந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் "இருக்காங்களா?" என்று கேட்பார். "இருக்காங்க மாமா" என்பார் அக்கா. ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா என்று நான் தனியாகக் கேட்டேன். "மருந்து விக்கறவ நான். பொய் விக்க மாட்டேன்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அப்பா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப யாரு ஷிஃப்ட்டு?"

"என்னுதுப்பா" என்றேன். விழுங்கினார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். அப்பாவின் திருப்திக்காகத்தான் தரையில் காதை வைத்தேன்.

தட்டுகிறார்கள்.