கானில் கிடந்த மெத்தை

வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலை மலையின் மழைத்தண்ணீரை இறக்கும் கான் ஒன்று உண்டு. அதில் ஒரு மெத்தை கிடந்தது. கடைசி வீட்டுப் பெரியவரின் கருமாதி முடிந்ததும், அவர் படுத்திருந்த மெத்தையை மகன்கள் கொண்டுபோய் அங்கே போட்டிருந்தார்கள். செத்தவர் படுக்கையை வீட்டில் வைப்பது எங்கள் வழக்கமில்லை. பாயாக இருந்த காலத்தில் எரித்துவிடுவோம். இந்த ரப்பர் மெத்தையை எரித்தால் லயம் முழுக்க மூச்சு முட்டும். பழைய கட்டில், மெத்தையெல்லாம் ஏற்றிப்போக டவுனில் பிரதேச சபையின் குப்பை டிரக்டர் வரும். தோட்டத்துக்குள் வராது.

கானுக்கு நேர் கீழே என் தங்கச்சி வீடு. புருஷன் இல்லாதவள். குவைத்தில் வீட்டு வேலை செய்து, மகள் கல்யாணத்துக்கென்று கொட்டகலை பஜாரில் ஓர் அலுமாரியும் மெத்தையும் வாங்கி வைத்திருந்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒருநாள் அலுப்பில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ அக்கா, எந்திரிங்க! பொண்ணு மாப்பிள்ளதான் மொதல்ல உக்காரணும்!"

"ஆமாடி, பெரிய ராஜா வீட்டு மெத்தை!" என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

கானில் ஒரு மெத்தையைப் பார்த்ததும் மற்றவர்களும் உடைந்த சோபா, பழைய டீவி என்று கொண்டுவந்து தள்ளினார்கள். கான் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வீட்டுப்பக்கம் திரும்புமே என்று தங்கச்சி பயந்தாள். தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். குப்பை சபை வேலை என்றார்கள். சபைக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் கையை விரித்தார்.

"அது தோட்டத்து ரோடும்மா. எங்க டிரக்டர் வராது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஓட்டுக் கேக்க வாறப்ப மட்டும் அந்த ரோட்டுல வண்டி ஏறுதே, அது எப்படிங்க?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாங்களே அள்ளிவிடலாம் என்று லயத்து ஆட்களைக் கூப்பிட்டேன். சோபாவையும் டீவியையும் இழுத்துப் போட்டார்கள். அடியில் கிடந்த மெத்தையை ஒருவரும் தொடவில்லை. போட்டதைத் திரும்ப எடுத்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்றார்கள் மகன்கள். தங்கச்சி தானே இறங்கப் போனாள். "கல்யாணம் வச்சிருக்க வீடு, நீ தொடவே கூடாது" என்று பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

சில நாளில் மழை கொட்டியது. நாங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். இறங்கி வந்தபோது தண்ணீர் தங்கச்சி வீட்டுப் பின்சுவரைச் சாய்த்து உள்ளே போயிருந்தது. மகள் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினாள். அலுமாரி சேற்றில் குப்புறக் கிடந்தது. உறை கிழிந்து, புது மெத்தை சேறு குடித்திருந்தது. தங்கச்சி அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே டிரக்டர் வந்தது! இனி மாதாமாதம் வருமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சபை ஆட்கள் கானில் இறங்கி, செத்தவர் மெத்தையை வெறுங்கையால் தூக்கி ஏற்றினார்கள். பிறகு தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, இதையும் ஏத்தவா?"

அவள் தலையாட்டினாள். கல்யாண மெத்தையைத் தூக்கிச் செத்தவர் மெத்தைமேல் போட்டார்கள். அதைப் பார்த்ததும் அவள் ஓடினாள்.

"தம்பி, அதுமேல வேணாம்ப்பா. ஒரு ஓரமா வைங்க."

"ஓரத்துல எடமில்லையே அக்கா" என்றார் ஏற்றியவர். அதற்குமேல் அலுமாரியை ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.