வடகத் துணியின் பின்பக்கம்

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருடத்தில் என் இடது கண்ணும் விழுந்தது. வலது கண்ணைச் சிறுவயதிலேயே அம்மை கொண்டுபோயிருந்தது. கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தேன். கரித்தூள் விழுந்தது, புண்ணானது. ஆறியபோது கருவிழிமேல் வெள்ளைத் தழும்பு நின்றது. நான் ரயில்வே குமாஸ்தா. கடிதம் படிக்க முடியாத குமாஸ்தாவை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? மனைவியின் முகமே கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. இருந்து என்ன பயன் என்று நினைத்த நாட்கள் உண்டு.

கண் போவதற்கு முன், நான் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபைக்கு நான்தான் செயலாளர். நீண்ட ஜெபத்துக்குப் பேர்போனவன். நான் எழுந்து நின்றால் மற்றவர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த மரியபாக்கியம் அக்கா, சனிக்கிழமைதோறும் கோயில் புல்தரையில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் ஊற்றுவார். அந்தப் பெருங்காய வாசனையும் ரயில் ஊதும் சத்தமும் சேர்ந்ததுதான் எனக்கு அந்தக் காலம். ஆனால் அன்று எனக்கு அது ஒழுங்கீனம். ‘ஆலய வளாகத்தில் வடகம் காயவைக்கக் கூடாது’ என்று அழகாக எழுதிப் பலகையில் ஒட்டினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாதென்று வாசித்தும் காட்டினேன்.

“சரி செயலாளர் தம்பி,” என்று ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் எனக்குக் கண் போனது. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஒரு வழி சொன்னார். வேறொரு நோயாளிக்கு, உள்ளே அடிபட்டுப் பார்வை போன கண்ணை எடுக்கவேண்டியிருந்தது. அதன் கருவிழி தெளிவாக இருந்தது. என் தழும்பை வெட்டிவிட்டு அதில் ஒரு துண்டை வைத்துப் பார்க்கலாம்.

“நானும் புத்தகத்திலதான் பாத்தனான். சரிவரும் எண்டு சொல்லமாட்டன்,” என்றார்.

நான் கர்த்தரிடம் விவரமாக விண்ணப்பித்தேன். டாக்டரின் கை நடுங்கக் கூடாது, மழை பெய்து விளக்கு அணையக் கூடாது என்று பட்டியல் நீண்டது. அவருக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாதே.

சொட்டு மருந்தில் கண் மட்டும் மரத்துப்போனது. காது நன்றாகக் கேட்டது. என் தலையை அசையாமல் பிடித்த கைகளில் பெருங்காயம் மணத்தது. யாரென்று தெரிந்துகொண்டேன்.

தழும்பு வெளியே வந்துவிட்டது. புதுத் துண்டை எடுக்கும் நேரத்தில் டாக்டரின் குரல் மாறியது. “இடுக்கியில வழுக்குது. விளக்குச் சூட்டில காய்ஞ்சு துணியோட ஒட்டிப்போச்சுது. இழுத்தாக் கிழியும். வேற துண்டும் இல்லை.”

கண் திறந்து கிடக்கிறது. என் பட்டியல் முழுதும் மறந்துவிட்டது. ‘கர்த்தாவே’ என்ற ஒரு சொல்தான் வந்தது. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் தலை அசையும்.

தலைமாட்டில் அக்கா பேசினார். “ஐயா, இழுக்காதீங்க. துணியோட தூக்கி, கண்ணு மேல கவுத்துப் போடுங்க. துணி பின்பக்கத்துல தண்ணி தடவுங்க. தானா விட்டுடும்.”

“உமக்கு உது எப்பிடித் தெரியும்?”

“வடகம் உரிச்சிருக்கேன் ஐயா. இப்பதான் காயப்போட எடமில்ல.”

நான் அசையவில்லை. அசையும் உரிமையும் எனக்கில்லை.

உப்புநீர் தொட்டுத் தடவும் மெல்லிய ஒலி. பிறகு டாக்டர் மூச்சுவிட்டார். “பொருந்தி இருந்திட்டுது.”

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்துவிட்டார்கள்; வாரக்கணக்கில் கிடந்தேன். கட்டு அவிழ்ந்தபோது ஓரத்தில் மூட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் நடுவில் மனைவியின் முகம் முழுசாக வந்தது. அழுதுகொண்டிருந்தாள். அழகாகவும் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் பலகையில் முதலில் படித்தது என் கையெழுத்தையே. ‘கூடாது’ என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தேன். கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனால், “அரிசி வாங்கியாச்சு தம்பி. சனிக்கிழம காலையில வாங்க, காக்கா தொல்ல தாங்கல,” என்றார்.

அக்கா இப்போது மகளோடு கிள்ளானில் இருக்கிறார். வடகம் ஊற்றும் வேட்டியை எனக்கு விட்டுப்போனார். இதை வாசிக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, இக்கட்டில் இருப்பவர்கள் கர்த்தரை ஒரு சொல்லாலாவது கூப்பிடுங்கள்; அவர் கேட்கிறார், இந்தக் கண் அதற்குச் சாட்சி. பதில் எந்தக் கையால் வரவேண்டுமென்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். என் ஜெபம் இப்போது சுருங்கிவிட்டது. சபையார் அதையே தனி அற்புதமாகச் சொல்கிறார்கள். நம்பாதவர்கள் சனிக்கிழமை கோயில் புல்தரைக்கு வாருங்கள். குடையோடு காக்கை ஓட்டிக்கொண்டிருப்பவன் நான்தான்.