பட்டினி கிடக்காமல் படித்த தீப்பெட்டிகள்

பத்தொன்பது வயதில் எனக்குக் கிறுக்குப் பிடிக்கக் காரணம் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்தது. அறிவுள்ள இயந்திரம் செய்வதைப் பற்றி, அந்தத் துறைக்கே முன்னோடியான வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவரின் கருத்தை அதில் விளக்கியிருந்தார்கள். பெரிய ஆளின் மூளையைச் செய்ய முயலாதீர்கள், ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி ஒன்றைச் செய்து அதற்குப் பாடம் நடத்துங்கள் என்பது அவர் கட்சி. சரியாகச் செய்தால் பரிசு, தப்பாகச் செய்தால் தண்டனை, அவ்வளவுதான். வெறும் தீப்பெட்டிகளை வைத்து அப்படியொன்றைச் செய்யும் வழியும் கூடவே போட்டிருந்தது. படித்து முடித்ததும் மேசையைச் சுற்றி ஒரு சுற்று ஓடிவந்தேன். நூலகர் முறைத்தார்.

கல்லூரி அறிவியல் கண்காட்சியில் முதலாவதாக வருகிறவளை மெட்ராஸில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்புவார்கள். நான் கும்பகோணத்தைத் தாண்டாதவள். எனக்கு மெட்ராஸ் வேண்டும், வேண்டவே வேண்டும்.

டீக்கடையில் பொறுக்கிய இருபத்துநான்கு காலித் தீப்பெட்டிகள்தான் என் இயந்திரம். விளையாட்டும் சுலபம். மூன்றுக்கு மூன்று கட்டம். எதிரிக்கு மூன்று புளியங்கொட்டை, பெட்டிக்கு மூன்று சோழி. நேரே ஓரடி போகலாம், மூலைவாட்டில் நிற்பதை வெட்டலாம், எதிர்க்கரை ஏறினால் வெற்றி. ஆட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. உள்ளே பச்சைப்பயறு, உளுந்து, கொள்ளு, காராமணி. ஒவ்வொரு பயறும் ஒரு நகர்வு. பெட்டியைக் குலுக்கிக் கவிழ்த்தால் முதலில் எது விழுகிறதோ அதுதான் இயந்திரத்தின் முடிவு. தோற்றால் கடைசியாக விழுந்த பயறைத் திருப்பிப் போடக் கூடாது. தப்பான பயறுகள் இப்படித் தீரத் தீர இயந்திரம் தேறிவிடும்.

தேறவில்லை. ஒரு வாரம் ஆடினேன். திங்கட்கிழமை செய்த அதே முட்டாள்தனத்தை வெள்ளிக்கிழமையும் செய்தது. விஞ்ஞானியைத் திட்டினேன், தீப்பெட்டியைத் திட்டினேன். சனிக்கிழமை காலையில் கண் விழித்தால், அம்மா முறத்தில் பயறு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, என்னம்மா பண்றே?"

"தெனமும் காலியாக் கெடந்துச்சு பாப்பா. பாவம், நாந்தான் ரொப்பி வெக்கிறேன்."

தண்டனை என்றேன். தப்பு செய்ததற்கு எடுத்தேன் என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"தப்பு பண்ணா கூலிப் படியை வெட்டுறதா? பண்ணையில அதைத்தானே பண்ணுறாங்க. நீ காலேசுக்குப் போயி இதைத்தான் கத்துக்கிட்டியா?"

எனக்குச் சுரீர் என்றது. கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த தை மாதம் அது. குடவாசல் பக்கமெல்லாம் சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்க, எங்கள் தெருவில் ஒருவரும் அரிவாளைத் தொடவில்லை. கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கொடு, அறுக்கிறோம் என்பதே பேச்சு. புது ஆட்சி வந்து சட்டம் மேல் சட்டம் போட்டும் பண்ணையார் கூலி நெல் அளக்கும் மரக்கால் அசையவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் என் வீட்டிலேயே நான் பண்ணை நடத்தியிருக்கிறேன்!

இருந்தாலும் எனக்கு மெட்ராஸ் வேண்டுமே. அழுதேன், சாப்பிடமாட்டேன் என்றேன். கடைசியில் சமரசம் ஆனது. எதையும் எடுப்பதில்லை. ஜெயித்தால் மட்டும், ஜெயிக்க வைத்த பயறிலேயே இரண்டைக் கூடுதலாகப் போடுவது. நல்ல நகர்வு பெருகும், கெட்டது மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இப்படிப் படிக்க நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆட வேண்டும். யார் ஆடுவது?

வேலைநிறுத்தத்தில் இருக்கும் முப்பது பெண்கள் ஆடுவார்கள்! காலையில் வாசலில் கூடினால் பொழுது சாய்கிறவரை ஆட்டம்தான். பயறு விழுந்தால் ஒரு கூச்சல், பெட்டி ஜெயித்தால் குலவை. "நான் விட்டுக் கொடுக்கலடி, அதுவாத்தான் ஜெயிச்சுச்சு" என்று ஒருத்தி சத்தியம் செய்வாள். பத்தாவது நாள் எங்கள் தெருவில் யாராலும் தீப்பெட்டியை எளிதில் ஜெயிக்க முடியவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கண்காட்சிக்கு முப்பது பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நடுவர் வேறு ஊர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். மூன்று ஆட்டம் என்றார். முதலாவதில் பெட்டி ஜெயித்தது, அரங்கத்தில் குலவை. இரண்டாவதில் அவர் ஜெயித்தார். மூன்றாவதில், நெருக்கடியான நேரம் பார்த்து, பச்சைப்பயறு நிறைந்திருந்த பெட்டியிலிருந்து உள்ளேயிருந்த ஒரே ஒரு கொள்ளு குதித்து விழுந்தது. தோற்றுப்போனோம். என் மெட்ராஸ் போயே போய்விட்டது.

"நானும் அந்தக் கட்டுரையைப் படிச்சிருக்கேம்மா" என்றார் அவர். "தோத்தா பயறை எடுக்கணுமே. எடுத்திருந்தா இந்தக் கொள்ளு உள்ளேயே இருந்திருக்காது."

அம்மாதான் முன்னால் வந்தாள்.

"தோத்தா என்னங்க? நாளைக்கும் ஆட வரும்ல. பட்டினி போட்டுப் பொட்டியைக் காலி பண்ணிட்டா அப்புறம் யாருங்க ஆடுறது?"

அவர் பெட்டிகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இதுக்கு வாத்தியார் யாரு?" என்று என்னைக் கேட்டார். நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "இவங்க எல்லாரும் சார்" என்றேன்.

"இங்க இருக்கற மத்ததெல்லாம் செஞ்சவங்க சொன்னதைச் செய்யுது. இது ஒண்ணுதான் படிச்சிருக்கு. இதுதான் மெட்ராஸ் போகணும்" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களும் வரணும்மா. வாத்தியார் இல்லாம எப்படி?"

நான் குதிக்கக் காலைத் தூக்கிவிட்டேன். அம்மா சிரிக்கவே இல்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"வர்றேங்க. அன்னிக்குக் கூலியில அரைப் படி சேத்து அளப்பீங்களா?"

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து முப்பது பெண்களும் "அரைப் படி! அரைப் படி!" என்று கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். பேராசிரியர் முன்னால், பிரின்சிபால் முன்னால், கையை உயர்த்தி நானும் போட்டேன்.