அடியில் எந்த ஸ்வரம்

சிங்காநல்லூரில் பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார். இரண்டையும் நான் முடிச்சுப் போட்டிருக்கவே கூடாது.

புதுப் பாட்டுத் தாளில் ‘சி ஆக்மென்டட்’ என்று எழுதி, சாய்கோடு போட்டு, பக்கத்தில் ‘ஈ’ என்றிருந்தது. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டான கார்ட் சி, அடியில் தடித்த கம்பியில் ஈ ஒலிக்க வேண்டும் என்று அர்த்தம். அதுவரை புரிந்தது. ஆனால் அந்தக் கார்டில் இருப்பதே மூன்று ஸ்வரங்கள்; மூன்றுக்கும் நடுவே சரிசமமான தூரம். சி என்றாலும், ஈ என்றாலும், ஜி ஷார்ப் என்றாலும் அதே மூன்றுதான். இதென்ன கூத்து? எனக்கு மூன்று ஃபேஸ் மோட்டார் ஞாபகம் வந்தது. மூன்று ஒயரையும் வரிசை மாறாமல் ஓரிடம் தள்ளிக் கட்டினாலும் மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். அப்புறம் அடியில் எது இருந்தால் என்ன? எல்லாம் ஒன்றுதான் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டு, முந்தின கார்டிலிருந்து விரலுக்கு வாகாக இருந்த ஜி ஷார்ப்பை வைத்து வாசித்தேன். பெரிய மேதாவி!

அந்த இடத்தில்தான் என் மனைவி தனியாகப் பாட ஆரம்பிக்க வேண்டும். குரல் போய்விடுமோ என்று பயந்த தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடும் முதல் பாட்டு. என் தடித்த கம்பியைக் கேட்டுத்தான் எப்போதும் சுருதி பிடிப்பாள். ஒத்திகையில் மூன்று முறையும் உயரத்தில் ஆரம்பித்தாள். மூன்று முறையும் மேலே போனதும் குரல் உடைந்தது.

“எம்பட குரல் போயிருச்சுங்க. பாட்டை வேற ஆருக்காச்சும் குடுக்கச் சொல்லித் தலைவர்கிட்ட சொல்லிப்போட்டேன்” என்றாள் வீட்டுக்கு வந்ததும். பாட்டுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம், தாளில் இருந்தபடியே ஈ வைத்து வாசித்துப் பார்த்தேன். சமையலறையில் இருந்தவள் தன்னையறியாமல் பாடிவிட்டாள். மேல் வரியும் உடையவில்லை. ஈயை விட உயரமான ஜி ஷார்ப்பைக் கொடுத்து அவளை உயரத்தில் ஏற்றிவிட்டது நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

“தப்பு என்ற விரலு மேல அம்மணி. உன்ற குரலு மேல இல்ல.”

“அடியில எது இருந்தாலும் ஒண்ணுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

“ஒண்ணுதான். ஆனா ஒண்ணில்ல.”

பாட்டை அவளுக்கே திருப்பிக் கேட்கக் குழுத் தலைவருக்குப் போன் போட்டு, எனக்கே பிடிபடாததை அவருக்கு விளக்கினேன். மோட்டார் வரைக்கும் போய்விட்டேன். பொறுமையாகக் கேட்டவர், “அதெல்லாம் கெடக்கட்டுங்க. அவங்க குரல் நல்லா இருக்குதுங்களா?” என்றார்.

“நல்லா இருக்குதுங்க” என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள்.